தரையிலிருந்து முகடு வரை

“இந்த ஆளால நம்மட வீட்டுக்குள்ள நிமிந்து நிக்க ஏலாது புள்ள. தலை போய்க் கூரையில முட்டும்.”

“ஆரு ராத்தா, மாப்பிள்ளையா?”

“உன்ட வாய்க்குக் கொச்சிக்காய்தான் வெக்கணும். நான் ஐசியச் செல்றன்.”

ராத்தா உள்ளங்கையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். எட்டுக் கால்களோடு ஒரு கறுப்பு ஐசிச் சில்லு அதில் கிடந்தது. கல்முனையில் றேடியோ திருத்தும் நல்லரெத்தினம் அண்ணன் கொடுத்தது. “கோயில் திருவிழாவும் பள்ளிக் கந்தூரியும் இதிலதான் தங்கச்சி பாடுது, கண்ண மூடிக்கிட்டுப் போடுங்க” என்று சொல்லித்தான் கொடுத்தாராம். மேலே வெள்ளை எழுத்தில் 5532 என்று இருந்தது.

“சாமான் நல்ல சாமான்தான். ஆனா இவருக்குப் பத்து வோல்ட்டாவது வேணும். நம்மட பற்றரி மூண்டு தசம் ஏழு.”

என் ராத்தா பஹ்மிதாவின் நிக்காஹுக்கு அன்றோடு ஒன்பது நாட்கள் இருந்தன. கல்யாணப் பெண்கள் அந்த நாட்களில் முகத்துக்கு மஞ்சள் பூசுவார்கள், சாரிகளை விரித்து மடித்துப் பார்ப்பார்கள். ராத்தாவோ எங்கள் வீதியிலேயே தனக்குச் சீதனமாகக் கட்டிய புது வீட்டின் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து வயர்களின் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். தொழில்நுட்பக் கல்லூரியில் எலக்ட்ரோனிக்ஸ் படித்து டிப்ளோமா வாங்கியவள். நான் நிஹ்லா, அவளுக்கு நான்கு வயது இளைய தங்கை. பனி பெய்யும் ஊர்களின் நாவல்களைத் தமிழில் வாசிப்பதைத் தவிர எனக்கு வேறு எந்தக் கைவேலையும் தெரியாது. அதனால் டோர்ச் பிடிக்கும் வேலை எனக்கு.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம் செய்வார்கள். அந்த வீட்டுக்காக எங்கள் உம்மா குவைத்துக்குப் போய் ஐந்து வருடமாகிறது. ஒரு பெரிய குடும்பத்தின் சமையலறையில் வேலை. சாய்ந்தமருதில், கடலுக்கு இரண்டு வீதி உள்ளே, அவர் அனுப்பி அனுப்பி எழும்பிய வீட்டில் அவர் ஒருநாள்கூட நின்றதில்லை. ஹோல் எத்தனை அடி, அறைக்கு எத்தனை ஜன்னல் என்று எண்களாகத்தான் அவருக்கு அது தெரியும். கல்யாணத்துக்கு லீவு கேட்டார். அடுத்த வருடம்தான் என்றார்கள்.

“வீடியோ வேணாம்,” என்று உம்மா சொல்லியிருந்தார். “நீங்க அஸர் தொழுகைக்குப் பொறகு நிக்காஹ் வெச்சா இஞ்ச ரெண்டு மணி. ஏனம் கழுவுற நேரம். கை ஈரமாக் கிடக்கும், போனப் பாக்க ஏலா. காதுக்குள்ள போட்டுக்கிட்டுக் கேப்பன். வாப்பா வந்து சம்மதம் கேக்க, பஹ்மிதா ஓம் எண்டு செல்றது எனக்குக் கேக்கணும். அது போதும்.”

“பதிஞ்சி அனுப்பட்டா உம்மா? தெளிவா இரிக்கும்,” என்றேன் நான்.

“அது பழஞ்சோறு மகள். நடக்கக்குள்ள கேக்கணும்.”

உம்மா கேட்டது இது ஒன்றைத்தான். ஐந்து வருடத்தில் அவர் எங்களிடம் வேறெதுவும் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

போனைக் கையில் பிடித்தால் போதாதா என்று கேட்பீர்கள். போன வருடம் சாச்சாவின் மகளுக்கு நிக்காஹ் நடந்தபோது அப்படித்தான் செய்தோம். போனில் கதைக்கிற செயலிக்குக் குரவை என்றால் என்னவென்று தெரியாது. பெண்கள் நாக்கைச் சுழற்றி ஒரே மூச்சில் எழுப்பும் அந்த ஓசையை அது இரைச்சல் என்று நினைத்து அழித்துவிட்டது. “எல்லாரும் சந்தோசமா இரிக்கிறீங்க எண்டு நினச்சன், போனுக்குள்ள மவுத்து வீடு மாதிரிக் கிடந்திச்சி” என்றார் உம்மா. மெல்லிய குரல்களையும் அது அப்படியே விழுங்கியிருந்தது.

ஒலிபெருக்கிக்காரரிடம் பெரிய மிக்சர் இருந்தது. ஆனால் அது பந்தலுக்கானது. பெண்ணறை மைக்கை அதில் செருகினால் ராத்தாவின் சம்மதம் பக்கத்து ஊர் மாளிகைக்காடு வரைக்கும் கேட்கும்.

ஆகவே ராத்தா தானே ஒன்று செய்யப் புறப்பட்டாள். மூன்று சின்ன மைக்குகள். ஒன்று அவளுடைய முக்காட்டுக்குள், ஒன்று மௌலவி இருக்கும் பந்தல் காலில், ஒன்று பெண்கள் கூடிச் சமைக்கும் குசினி வாசலில். மூன்றையும் சேர்த்து ஒரே ஒலியாக்கி, போனின் இயர்போன் துளை வழியாக, ஒலியை வடிகட்டாமல் அப்படியே அனுப்பும் ஒரு செயலிக்குக் கொடுக்க வேண்டும். கரண்டில் கொடுத்தால் தேன்கூடு இரைவது போல ஒரு ரீங்காரம் வந்தது. பவர் பேங்கில் கொடுத்தால், இந்த மின்சுற்று குடிப்பது மிகக் கொஞ்சம் என்பதால், ஆளே இல்லை என்று நினைத்து அது அரை நிமிடத்தில் தூங்கிப்போனது. கடைசியில் என் பழைய போனின் பற்றரியைக் கழற்றினாள். மூன்று தசம் ஏழு வோல்ட். அவ்வளவுதான் எங்களுக்கு வாய்த்தது.

“இஞ்ச பாரு,” என்று சிமெந்துத் தரையில் கரித்துண்டால் இரண்டு கோடுகள் இழுத்தாள். “இது தரை, சைபர். இது முகடு, மூண்டு தசம் ஏழு. சத்தம் இந்த ரெண்டுக்கும் நடுவுல தொங்குது. மெல்லமாக் கதைச்சா நடுவுல கொஞ்சமா அசையும். கத்தினா மேலயும் கீழயும் போய் முட்டும். முட்டினா நெரிஞ்சிரும். ஒப் ஆம்ப் எண்டா அந்த அசைவப் பெருசாக்கிற ஆள். 5532க்கு மேலயும் ஒரு முழம் விடணும், கீழயும் ஒரு முழம் விடணும். நம்மட வீட்டுல அவ்வளவு விட்டா நடுவுல இடமே இல்ல.”

“அப்ப குள்ளமான ஆளாப் பாத்துப் போடுங்க.”

“அதத்தான் தேடுறன்.”

நான் அந்த இரண்டு கோடுகளையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சாண் இடைவெளி. அதற்குள்தான் மௌலவியின் குத்பா உரை, பந்தலின் சிரிப்பு, பெண்களின் குரவை, என் ராத்தாவின் ஒரு சொல் எல்லாம் நின்று நடந்து போக வேண்டும் என்றால், உலகத்தை யாரோ நாம் நினைப்பதைவிட மிக நுணுக்கமாக மடித்து வைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

*

அடுத்து வந்தது 358. அது நல்லரெத்தினம் அண்ணன் கடையில் தேங்காயை விட மலிவு. மூன்று வோல்ட்டிலேயே உயிர் பிடிக்கும். ராத்தா அதைப் பலகையில் குத்திப் பற்றரியைத் தொடுத்தாள். இயர்போனின் ஒரு காது அவளுக்கு, ஒரு காது எனக்கு. குசினியில் வாப்பா தேத்தண்ணி ஊற்றும் சத்தம் வந்தது.

“கேக்குது!” என்று நான் எழும்பியே விட்டேன்.

“இரி. குரவையத் தாங்குமா எண்டு பாக்கணும்.”

எங்கள் வீதியில் குரவைக்கு ஹுஸ்னியா மாமியை மிஞ்ச ஆளில்லை. வாப்பாவின் தங்கை. கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னதும் நெஞ்சில் கை வைத்தார்.

“சும்மா நாளில குரவை விடுறதாகா? ஊர் சிரிக்கும்.”

“சின்னதா ஒண்டு மாமி. மைக்குக் கிட்ட.”

“குரவையில சின்னது பெருசு இல்ல புள்ள. விட்டா விட்டதுதான்.”

விட்டார். இயர்போனுக்குள் தகரத்தை யாரோ கத்தரியால் கிழிப்பது போலக் கேட்டது. ராத்தா காதிலிருந்து பிடுங்கி எறிந்தாள். “முட்டிட்டுது. மேல பாதி வீடு இவனுக்குச் சொந்தமில்ல. முகட்டுக்கு ஒண்டரை வோல்ட் கீழயே நிண்டுக்குவான்.”

அவள் பேசி முடிக்கவில்லை, பக்கத்து வீட்டு பஸ்லியா தலையில் துவாய்க் கட்டோடு உள்ளே ஓடி வந்தாள்.

“என்னகா, நிக்காஹ் இண்டைக்கு மாத்திட்டீங்களா? எனக்கு ஒரு வார்த்தை செல்லல்லயே!”

அவளுக்குப் பின்னால் இன்னும் நான்கு பெண்கள், இடுப்பில் பிள்ளைகளோடு. எங்கள் ஊரில் குரவை கேட்டால் காரணம் கேட்க மாட்டார்கள், வந்துவிடுவார்கள். வாசலில் ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு வாப்பாவின் கையைப் பிடித்து முபாறக் சொல்லிக்கொண்டிருந்தார்.

“மிசின் சோதிக்காங்ககா,” என்றார் மாமி, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

“குரவையச் சோதிக்க மிசினா?” என்றாள் பஸ்லியா.

“இல்ல, மிசினச் சோதிக்கத்தான் மாமிட குரவை,” என்றேன் நான்.

வந்தவர்களைச் சும்மா அனுப்ப முடியாது. வாப்பா ஊற்றிய தேத்தண்ணி போதாமல் மறுபடியும் கேத்தலை அடுப்பில் வைத்தோம். கல்யாணத்துக்கு வாங்கி வைத்த தொதல் இனிப்பில் ஒரு தட்டு அன்றைக்கே முடிந்தது.

*

அடுத்த இரண்டு பகல்களும் ராத்தா போனில் டேட்டா ஷீட்டுகளைப் புரட்டியபடியே இருந்தாள். ஒவ்வொரு சில்லுக்கும் முப்பது, நாற்பது பக்கம். நானும் பக்கத்தில் கிடந்து வாசித்தேன். முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு மெல்ல மெல்ல அவை ஆட்களின் சரித்திரம் போலத் தெரிய ஆரம்பித்தன. இவர் எத்தனை வோல்ட்டில் பிறந்து எத்தனை வோல்ட்டில் மவுத்தாவார், எவ்வளவு பசி, எவ்வளவு வேகம், சூட்டில் எப்படி, குளிரில் எப்படி. ஒருவர் மிகக் குறைந்த வோல்ட்டிலும் வாழ்வார், ஆனால் நித்தமும் முணுமுணுப்பார். இன்னொருவர் மௌனமானவர், ஆனால் பெரிய வீடு கேட்பார். எங்கோ தூரத்தில் யாரோ சிலர் உட்கார்ந்து ஒரு மணல் துகளின் குணத்தை இத்தனை கரிசனையோடு அளந்து எழுதியிருக்கிறார்கள். அதை நாங்கள் ஒரு கல்யாணத்துக்காகச் சாய்ந்தமருதில் வாசிக்கிறோம்.

“இந்தா,” என்றாள் ராத்தா மூன்றாம் நாள். “6022. ரெண்டரை வோல்ட்டே போதும். தரையிலிருந்து முகடு வரைக்கும் போவான். இரைச்சலும் கொஞ்சம், மத்தவன்ட நாலில ஒரு பங்கு.”

கொழும்பிலிருந்து பஸ்ஸில் பார்சலாக வந்தது. ஒரு சின்னப் பொலித்தீன் பைக்குள் மூன்று சில்லுகள். நான் ஒன்றை நகத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். எட்டுக் கால் எறும்பு மாதிரி இருந்தது. ராத்தா இம்முறை எல்லாவற்றையும் ஒழுங்காகப் பற்றவைத்து ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் இறக்கினாள். மூடியில் மூன்று குமிழ்கள்.

பற்றரியைத் தொடுத்து ஆளுக்கொரு காதை மாட்டிக்கொண்டோம்.

358இல் நாங்கள் கேட்டது சுவருக்கு அந்தப் பக்கத்துச் சத்தம். இப்போது சுவரே இல்லை. அடுத்த அறையில் வாப்பா தொப்பியை எடுத்து உதறினார், நூலின் உரசல் கேட்டது. முகட்டு வளையில் பல்லி நகர்ந்தது கேட்டது. ராத்தா கண் சிமிட்டினாள் என்றால் அதுவும் கேட்கும் போலிருந்தது. நான் மூச்சு விடப் பயந்தேன். அந்த வீட்டுக்குள் எத்தனை உயிர்கள், எத்தனை பொருட்கள் தங்கள் பாட்டில் கதைத்துக்கொண்டிருந்தன!

மாமியின் இரண்டாவது குரவையும் முழுதாக வந்தது. அடியிலிருந்து எழும்பி முகட்டைத் தொட்டு, நெரியாமல், மணி மணியாக. இம்முறை ஒருவரும் ஓடி வரவில்லை. பஸ்லியா மட்டும் மதிலுக்கு மேலால் தலையை நீட்டி, “சோதினையா?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பிறகு மெல்லிய குரலுக்குக் குமிழைத் திருகிப் பார்த்தோம்.

“ஓம் எண்டு செல்லுங்க ராத்தா, அளவு வெக்கிறன்.”

அவள் தலையாட்டினாள். “ஒண்டு, ரெண்டு, மூண்டு” என்று மைக்கிடம் முணுமுணுத்தாள்.

“அது இல்ல. ஓம் எண்டு செல்லுங்க.”

“ஏலா. அது ஒருக்காச் செல்ற செல்லு. சோதினைக்கெல்லாம் செல்ல மாட்டன்.”

“மாமிட குரவைய ரெண்டு தரம் சோதிச்சமே!”

“குரவை மாமிட. ஓம் என்ட.”

அவள் விளையாடவில்லை. நான் ஒண்டு, ரெண்டு, மூண்டுக்கே அளவு வைத்தேன்.

*

ஆனால் ஒரு குறை இருந்தது. எல்லாச் சத்தத்துக்கும் பின்னால் ஓர் இரைச்சல். ஷ்ஷ்ஷ் என்று, ஓயாமல். சில்லின் இரைச்சல் என்றாள் ராத்தா. 358இல் அது மங்கலாகத்தான் இருந்தது. இரைச்சல் குறைந்த சில்லைப் போட்ட பிறகு கழுவித் துடைத்து வைத்தது போலத் துலக்கமாகக் கேட்டது.

“நாலில ஒரு பங்கு எண்டாங்களே,” என்றேன்.

“அதுதான் எனக்கும் விளங்கல்ல.”

மின்தடைகளை மாற்றினாள். இரண்டாவது சில்லைப் போட்டாள், மூன்றாவதையும் போட்டாள். தகரத்தை உள்ளே ஈயத்தாளால் மூடினாள். இரைச்சல் அசையவில்லை. கல்யாணத்துக்கு மூன்று நாள். மருதாணி போட வந்த பெண்ணைத் முழுதாக ஒரு மணித்தியாலம் காக்க வைத்தாள்.

“ஒரே ஒரு வழி இரிக்கி,” என்றாள் கடைசியில், கையில் ஒரு சிறு கப்பாசிற்றரோடு. “இதக் குறுக்கால போட்டா மேல் சுருதியெல்லாம் வெட்டுப்படும். இரைச்சலும் போகும்.”

“போடுங்களன்.”

“மெல்லமாச் செல்ற செல்லு முக்காவாசி மேல் சுருதியிலதான் இரிக்கி. அதுவும் சேந்து போகும். குரவை கேக்கும், பேச்சுக் கேக்கும். நான் செல்றது கேக்குமா எண்டு தெரியா.”

இரைச்சலோடு அனுப்பினால் அதற்குள் மூழ்கும். வெட்டினால் அதோடு போகும். அவள் கண் கலங்கியிருந்தது. சில்லைத் தெரிந்தெடுத்த பெருமையெல்லாம் போய், பிஸ்கட் தகரத்தை ஏதோ துரோகியைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உம்மாவுக்கு ஒருக்காப் போட்டுக் காட்டுவம்,” என்றேன் நான். “அவ எவ்வளவு தாங்குவாவோ, பாப்பம்.”

போன் எடுத்தோம். உம்மா காதில் மாட்டிக்கொண்டார். அங்கே குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. ராத்தா மைக்கின் முன்னால், “உம்மா, ஒண்டு ரெண்டு மூண்டு, கேக்குதா?” என்றாள்.

அங்கே குழாய் நின்றது.

“உம்மா?”

“கேக்குது.” குரல் வேறாக இருந்தது.

“பின்னால ஒரு இரைச்சல் கேக்குதா? ஷ்ஷ் எண்டு?”

“ஓம்.”

“அதத்தான் உம்மா வெட்டப் பாக்கன். இண்டைக்கே சரியாக்கிருவன்.”

“வெட்டாத,” என்றார் உம்மா அவசரமாக. “என்னத்தடி வெட்டப் போறா? அது கடல்.”

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

“அது நம்மட கடல் புள்ள. வாடைக் காத்து தொடங்கியிருக்கும். அந்த மாதிரித்தான் கேக்கும். கொஞ்சம் கேளு... இந்தா, இப்ப ஒண்டு உடைஞ்சிச்சி. இப்ப இழுத்துக்கிட்டுப் போகுது. கேக்குதா?”

ராத்தா இயர்போனைக் கழற்றினாள். நானும் கழற்றினேன். ஜன்னல் திறந்திருந்தது. அந்த வீதியில் பிறந்து, அந்த வீதியிலேயே வளர்ந்த எனக்கு, இருபது வருடத்தில் முதல் தடவையாகக் கடல் கேட்டது. அது எப்போதும் அங்கேதான் இருந்திருக்கிறது. நாங்கள் சோறு தின்னும்போது, சண்டை பிடிக்கும்போது, தூங்கும்போது. விடாமல் கேட்டுக் கேட்டு எங்கள் காது அதை எப்போதோ வெட்டி எறிந்துவிட்டது. சில்லு மட்டும் ஒன்றையும் வெட்டாமல், இருந்ததை இருந்தபடி எடுத்து நீட்டியிருக்கிறது. நாங்கள் அதையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

ராத்தா எழும்பி மைக்கை ஒரு சோற்றுச் சட்டிக்குள் வைத்து, மூடி, மேலே இரண்டு தலையணைகளை அமுக்கினாள். மறுபடியும் கேட்டோம். ஒன்றுமில்லை. இருட்டுக் கிணற்றை எட்டிப் பார்ப்பது போன்ற வெறுமை.

“இத முதலே செஞ்சிரிக்கணும்,” என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு சிரித்தாள். சிரிப்பு முடியும்போது அழுதாள். தகரத்தை மடியில் எடுத்து வைத்து மூடியை ஒருமுறை தடவினாள். “ஐசி ஊமை மாதிரி இரிக்கான் புள்ள. ஒரு செல்லு அவன்ட செல்லு இல்ல. மாஷா அல்லாஹ்.”

“உம்மா, நீங்க...” என்று தொடங்கினேன். அங்கே ஒரு மணி அடித்தது.

“மெடம் கூப்பிடுறாங்க. காதில இதோட அவங்கட முன்னுக்குப் போக ஏலா. மணி அடிச்சா இதக் கழட்டிட்டு ஓடிருவன், ஒண்டும் நினைக்காதீங்க.” இயர்போன் கல் மேடையின் மேல் விழும் டக் என்ற சத்தம். பிறகு செருப்போசை தூரமாகப் போனது. உம்மாவின் நாள்கள் அந்த மணியால் துண்டு துண்டாக வெட்டப்பட்டவை. காலியான சமையலறைக்கு நாங்கள் இன்னும் கொஞ்ச நேரம் கடலை அனுப்பிக்கொண்டிருந்தோம்.

*

கல்யாண நாளில் அஸர் தொழுகை முடிந்ததும் பந்தல் நிறைந்தது. பெண்ணறை மூலையில், அலுமாரிக்குப் பக்கத்தில், பிஸ்கட் தகரத்தோடு நான் உட்கார்ந்திருந்தேன். மூன்று குமிழ்களும் என் விரலுக்கடியில். ராத்தாவின் இரண்டு கைகளிலும் மருதாணி. மணப்பெண்ணாக உட்கார்ந்தவளால் இனி ஒன்றையும் திருக முடியாது. முக்காட்டின் ஓரத்தில், ஊசியால் குத்திய பொட்டு மாதிரி மைக். என் இடது காதில் உம்மா இருந்தார். தண்ணீர் விழுவதும் தட்டுகள் உரசுவதும் கேட்டது. இடைக்கிடை அவர் தனக்குள் பேசிக்கொண்டார்.

“அது ஆரு, ஹுஸ்னியாவா சிரிக்கிற? ஓம், அவதான்... மௌலவிக்கு இருமல்... புள்ளட வளையல் அது.”

அவர் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார். பந்தல், குசினி, அறை, ஜன்னல். எண்களாக மட்டும் தெரிந்த வீட்டுக்குள் அவர் முதல் தடவையாக நடக்கிறார் என்று எனக்குப் பட்டது. இதெல்லாம் எட்டுக் கால் எறும்பு ஒன்றின் வழியாக, செத்துப்போன என் போனின் பற்றரியில்.

வாப்பா வந்தார். அவரோடு இரண்டு சாட்சிகள். பெண்கள் வழிவிட்டு முக்காட்டை இழுத்துக்கொண்டார்கள். அறை அடங்கியது. முக்காட்டு மைக்கின் குமிழை நான் மெல்ல ஏற்றினேன். ராத்தாவின் மூச்சு வந்தது. அதற்குப் பின்னால் கடல்.

“மகள் பஹ்மிதா,” என்றார் வாப்பா. தொண்டையைச் செருமினார்.

அப்போது என் இடது காதுக்குள் மணி அடித்தது.

இந்த வீட்டின் மணியல்ல. நான் நிமிர்ந்து வாப்பாவைப் பார்த்தேன். ஒரு கையைத் தூக்கினேன். அவர் ராத்தாவையே பார்த்துக்கொண்டிருந்தார். குழாய் நின்றது. “அல்லாஹ்வே,” என்றார் உம்மா. மணி இரண்டாம் தடவை அடித்தது. டக் என்று இயர்போன் கல்லில் விழுந்தது.

“மர்ஹூம் காலிதீன்ட மகன் மிஹ்லாருக்கு உங்கள நிக்காஹ் செஞ்சி குடுக்கிறதுக்கு...”

“வாப்பா,” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“...உங்களுக்குச் சம்மதமா மகள்?”

செருப்போசை தூரமாகப் போய்க்கொண்டிருந்தது. ராத்தா மூச்சை உள்ளே இழுத்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. எல்லாம் சரியாகத்தான் போகிறது என்ற நம்பிக்கையில் கண்ணை மூடியிருந்தாள்.

“ஓம் வாப்பா.”

அப்படியொரு தெளிவை நான் எந்த இயர்போனிலும் கேட்டதில்லை. உதடு பிரிந்தது, சொல் பிறந்தது, அதன் ஓரத்தில் இருந்த சின்ன நடுக்கம், அதற்குப் பிறகு வந்த நிம்மதி. தரையைத் தொடாமல், முகட்டை இடிக்காமல், நடுவில் சுடர் மாதிரி நின்றது. அது கடலைத் தாண்டி, பாலைவனத்தைத் தாண்டி, எனக்குத் தெரியாத ஒரு சமையலறையின் கல் மேடைக்குப் போய்ச் சேர்ந்தது. ஈரத் தட்டுகளுக்கு நடுவில், ஆளில்லாத இடத்தில், ஒரு தடவை கேட்டு ஓய்ந்தது.

சாட்சிகள் வெளியே போனார்கள். வாசலில் ஹுஸ்னியா மாமி தொடங்க, பெண்கள் எல்லோரும் சேர்ந்து குரவையிட்டார்கள். நான் பழக்கத்தில் அந்தக் குமிழைக் கொஞ்சம் இறக்கினேன். பந்தலில் மௌலவி குத்பாவைத் தொடங்கினார். குரவை இரண்டாவது சுற்றில் இருக்கும்போது இயர்போன் உரசியது.

“நிஹ்லா?” உம்மாவுக்கு மூச்சிரைத்தது. “குரவை கேக்குது. செல்லிட்டாவா?”

“செல்லிட்டா உம்மா.”

அங்கே குழாயிலிருந்து ஒரு துளி விழுந்தது. இன்னொரு துளி விழுந்தது.

“அல்ஹம்துலில்லாஹ்,” என்றார். “தண்ணிக் கிளாஸ் கொண்டு வரச் சென்னாங்க. குடுத்துட்டு ஓடித்தான் வந்தன்.” பிறகு, “மாமிட குரவை முன்னுக்கு நிண்டு விட்ட மாதிரிக் கிடக்கு. கடலும் கேக்குது,” என்றார்.

ராத்தா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். உம்மாவுக்குக் கேட்டதா என்று புருவத்தை உயர்த்தினாள். மருதாணிக் கைகளை மடியில் மலர்த்தி வைத்திருந்தாள். முக்காட்டு ஓரத்தில் மைக் அப்படியே இருந்தது.

“மகள்,” என்றார் உம்மா என் காதுக்குள், யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போல. “அவகிட்டச் செல்லுகா. இன்னொருக்கா ஓம் எண்டு செல்லச் செல்லு. சத்தமா வேணாம். எனக்கு மட்டும்.”